அறிவியலாளரையும் கணித மேதையையும் நேர்காண்பது எப்படி: கோலாலம்பூர், பினாங்கு வாசகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நம் ஏடுகளில் தமிழ் அறிவியலாளர் ஒருவரைப் பற்றி வரும் கட்டுரை பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறது. பால்மரம் சீவிய பெற்றோர், லயன் வீடு, தமிழ்ப்பள்ளி, உபகாரச் சம்பளம், முனைவர் பட்டம், கடைசியில் இளையோருக்கு நாலு வரி அறிவுரை. இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அவர் எதை ஆராய்ந்தார், எங்கே முட்டிக்கொண்டு நின்றார், எந்த முடிவை முதலில் நம்ப மறுத்தார் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. வாழ்க்கையை நேராகக் கேட்டால் வாழ்த்துரைக்கு ஏற்ற பதில்தான் கிடைக்கும். வேலையை நுணுக்கமாகக் கேட்டால் வாழ்க்கை அதற்குள்ளிருந்தே வெளிவரும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த அடிப்படையில் அமைந்தவை.

யாரை, எப்போது, எத்தனை பேர் சேர்ந்து

முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். விருது வாங்கியவரைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் 1969 முதல் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், கெப்போங் வன ஆய்வுக் கழகம், 1900-இல் தொடங்கிய கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகிய இடங்களில் ஒரே கேள்வியை இருபது முப்பது ஆண்டு துரத்தியவர்கள் இருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்று ஓரிரு ஆண்டு ஆனவர்கள் மிக நல்ல தேர்வு. நினைவு தெளிவாக இருக்கும், குறிப்பேடுகள் இன்னும் வீட்டில் இருக்கும், நிர்வாகத்துக்குப் பயந்து பேச வேண்டியதும் இருக்காது.

முடிந்தால் இருவராகப் போங்கள்: துறை தெரிந்தவர் ஒருவர், வாசகரைத் தெரிந்தவர் ஒருவர். கணிதத்துக்கான ஆபெல் பரிசு பெற்றவர்களை 2003 முதல் பல ஆண்டுகள் நேர்கண்ட மார்ட்டின் ராவ்சன், கிறிஸ்டியன் ஸ்காவ் இருவருமே கணிதவியலாளர்கள். சென்னையில் பிறந்த எஸ். ஆர். சீனிவாச வரதன் 2007-இல் பரிசு பெற்றபோது அவரோடு உரையாடியவர்களும் இவர்கள்தாம். நமக்கு அப்படி ஒரு இணை அமையாவிட்டாலும், முதுகலை மாணவர் ஒருவரும் எழுதத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் போதும். மூன்றாவது ஆள் வேண்டாம். அறை கூட்டமானால் பேச்சு மேடைப்பேச்சாகிவிடும்.

சரிபார்ப்புக்கு முந்திய வேலைக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். மூன்று வாரம் படிப்பு, ஒரு வாரம் கேள்வித் தயாரிப்பு, ஒரு வாரத்தில் இரண்டு அமர்வுகள், மீதி எழுத்துக்கு. ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட 75 நிமிட அமர்வுகள் இரண்டு வைப்பது நல்லது. முதல் அமர்வில் வாய் தவறிய ஆண்டுகளையும் பெயர்களையும் அவரே வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்துவிட்டு இரண்டாவதற்கு வருவார். அமெரிக்க இயற்பியல் கழகத்துக்காக வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகரை 1977-இல் நேர்கண்டபோதும் பல அமர்வுகளாகத்தான் செய்தார்கள். அந்தப் பதிவின் எழுத்து வடிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொடங்கும் முன் அதில் ஒரு அமர்வையாவது படியுங்கள்.

அழைப்பு மடல்

மின்னஞ்சல்தான் சரி. புலனத்தில் (வாட்ஸ்அப்) முதல் தொடர்பு வேண்டாம். மடல் 150 சொல்லைத் தாண்டக் கூடாது. அதில் ஐந்து விவரங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: நீங்கள் யார், எங்கே வெளிவரும், எவ்வளவு நேரம், எந்த மொழியில், அவருடைய எந்த ஆய்வைப் பற்றி. கடைசி விவரம்தான் பதிலைக் கொண்டுவரும். ‘உங்கள் சாதனைகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம்’ என்ற மடலை ஒத்திப்போடுவது எளிது. ‘சதுப்புநில நண்டுகள் பற்றிய உங்கள் கட்டுரையின் மூன்றாம் படத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் தரவு இல்லையே, ஏன்?’ என்று கேட்டால் அன்றே பதில் வரும்.

பட்டங்களில் கவனம் தேவை. நம் நாட்டில் பேராசிரியர், இணைப் பேராசிரியர், தகைசால் பேராசிரியர் என்ற பதவிகளோடு டத்தோ, டத்தோஸ்ரீ, டான்ஸ்ரீ என்ற விருதுகளும் சேரும். பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள வரிசை எப்படியோ அப்படியே எழுதுங்கள். நேரில் ‘டாக்டர்’ அல்லது ‘புரொப்’ என்பது எல்லாருக்கும் பொருந்தும். மூத்தவரை ‘ஐயா’, ‘அம்மா’ என்று அழைப்பதும் இயல்பே. அவரே பெயர் சொல்லி அழைக்கச் சொன்னாலும் அச்சில் மரியாதைப் பன்மை மாறக் கூடாது.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஆய்வாளர் என்றால் வழி வேறு. 1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே திறந்த காலத்திலிருந்து பினாங்கில் மூன்று தலைமுறைப் பொறியாளர்கள் உருவாகிவிட்டார்கள். அவர்களில் பலர் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள். நிறுவனத்தின் தொடர்புப் பிரிவிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்ற பிறகே நாள் குறியுங்கள். ஒப்புதல் இல்லாமல் பேசிவிட்டுப் பிறகு பாதியை வெட்டச் சொன்னால், மிஞ்சுவது வெறும் பள்ளிப் பருவக் கதைதான்.

படிப்பு: மூன்று கட்டுரைகளும் ஒரு காலக்கோடும்

அவர் எழுதிய எல்லாவற்றையும் படிக்க முடியாது, தேவையும் இல்லை. மூன்றை எடுங்கள்: முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்த முதல் கட்டுரை, அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது, அண்மையில் வந்தது. ஒவ்வொன்றிலும் முன்னுரை, படங்கள், முடிவுரை, நன்றியுரை ஆகிய நான்கையும் படியுங்கள். நன்றியுரையைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். தவறு அங்கேதான். ஆய்வகத் தொழில்நுட்பர், படகோட்டி, கடைசி நேரத்தில் பிழையைச் சுட்டிய சக ஆய்வாளர் ஆகியோர் பெயர் அங்கே மட்டும்தான் இருக்கும். ‘இந்தப் பெயர் உங்கள் நான்கு கட்டுரைகளில் வருகிறது, இவர் யார்?’ என்ற ஒரு கேள்விக்கு அரை மணி நேரப் பதில் கிடைக்கும்.

கணிதக் கட்டுரைகளை ஆர்க்கைவ் களஞ்சியத்திலும் இசட்பிமேத் தரவுத்தளத்திலும் கட்டணமின்றித் தேடலாம். கணித மரபுவழித் தளத்தில் அவருடைய ஆய்வு வழிகாட்டி யார், அந்த வழிகாட்டியின் வழிகாட்டி யார் என்று தொடர்ந்து பார்க்கலாம். பெயர் ஒற்றுமையில் ஏமாறாதீர்கள். நம் பெயர்களில் தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு கட்டுரையில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் நிற்கும், சிலவற்றில் விடுபட்டே போகும். ஓர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) இருந்தால் அதை வைத்து உறுதி செய்யுங்கள்.

பிறகு ஒரே தாளில் காலக்கோடு ஒன்று போடுங்கள். இடப்பக்கம் அவருடைய வாழ்வு, வலப்பக்கம் துறையிலும் நாட்டிலும் நடந்தவை. இது ஏன் தேவை என்றால், மனித நினைவு கதையை அழகாக்கிக்கொண்டே போகும். வேதியியலாளர் கெக்குலே பென்சீனின் வளைய அமைப்பை 1865-இல் வெளியிட்டார். பாம்பு தன் வாலைக் கவ்விய கனவில்தான் அது தோன்றியது என்று அவர் மேடையில் சொன்னது 1890-இல். இடையே 25 ஆண்டு. குவாண்டம் இயற்பியலின் முன்னோடிகளை அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூனும் குழுவினரும் 1960-களின் தொடக்கத்தில் தேடித் தேடி நேர்கண்டார்கள். அந்த முன்னோடிகளில் ஒருவரான நீல்ஸ் போருடனான கடைசி அமர்வு 1962 நவம்பர் 17-இல் நடந்தது, மறுநாள் அவர் இறந்துபோனார். தள்ளிப்போடுவதன் விலை இது. கடிதமும் குறிப்பேடும் பக்கத்தில் இருந்தால் அவருக்கும் நினைவு வரும், உங்களுக்கும் சரிபார்ப்பு கிடைக்கும். ஆகவே, அமர்வுக்குப் பழைய குறிப்பேடு ஒன்றையோ முதல் கட்டுரையின் கைப்படியையோ எடுத்து வரச் சொல்லுங்கள்.

கேள்விகள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான நேர்காணல்கள் கெட்டுப்போகின்றன. ‘உங்கள் ஆய்வை எளிமையாகச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், எதிரில் இருப்பது பத்து வயதுப் பிள்ளை என்று நினைத்து அவர் பள்ளிப் பாடம் நடத்துவார். அதற்குப் பதில், வாசகர் யார் என்று சொல்லிவிடுங்கள்: ‘எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) கணிதம் படித்தவர், பிறகு விட்டுவிட்டவர்.’ உடனே பேச்சின் மட்டம் சரியாகிவிடும்.

கணிதவியலாளரிடம் தேற்றத்தைக் கேட்காதீர்கள், அதன் மிகச் சிறிய எடுத்துக்காட்டைக் கேளுங்கள். அந்த எடுத்துக்காட்டை நீங்களே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். வரதன் வளர்த்தெடுத்த பெருவிலகல் கோட்பாட்டை எடுத்துக்கொள்வோம். அது மிக அரிதாக நடப்பவை எவ்வளவு அரிது என்று கணக்கிடுகிறது. நாணயத்தை 100 முறை சுண்டினால் 70 அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு ஏறக்குறைய 25,000-இல் ஒன்று. 1,000 முறை சுண்டி 700 அல்லது அதற்கு மேல் என்றால், விகிதம் அதே 70 விழுக்காடுதான், ஆனால் வாய்ப்பு, ஒன்றுக்குப் பின் 30-க்கும் மேற்பட்ட சுழியங்கள் கொண்ட எண்ணில் ஒன்றாகச் சுருங்கிவிடும். இந்தச் சரிவு எந்த வேகத்தில் நடக்கிறது என்பதுதான் கேள்வியின் உயிர். இவ்வளவு தெரிந்துகொண்டு போனால், ‘அந்த வேகம் நாணயத்துக்கு மட்டுமா, வேறு எதற்கெல்லாம்?’ என்று கேட்கலாம். அதற்கு மேல் அவரே உங்களைக் கைப்பிடித்து அழைத்துப் போவார்.

களத்தில் வேலை செய்பவரிடம் கையின் வேலையைக் கேளுங்கள். நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் 50 எக்டர் பரப்பில் 1 செ.மீ. தடிமனுள்ள கன்று முதல் ஒவ்வொரு மரத்தையும் 1980-களிலிருந்து அளந்து வருகிறார்கள். விட்டத்தை அளப்பது வழக்கமாகத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில். சரி, பலகை வேர் அந்த உயரத்தையும் தாண்டி ஏறி நிற்கும் மரத்தில் எங்கே அளப்பார்? அடுத்த தடவை வேர் இன்னும் உயர்ந்திருந்தால்? ஏணியை யார் தூக்கி வருகிறார்கள்? எண் பொறித்த தகடு காணாமல் போனால் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்விகளைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். காடு வளர்கிறதா குறைகிறதா என்ற பெரிய முடிவு இந்த அளவுநாடா சுற்றப்படும் இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கண்டுபிடிப்பைப் பற்றிக் கேட்கும்போது ‘எப்படி உணர்ந்தீர்கள்?’ வேண்டாம். நிகழ்வுகளை வரிசையாகக் கேளுங்கள். 1998–99-இல் பன்றிப் பண்ணை ஊர்களில் பரவிய மூளைக்காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரைச் சேர்த்து வளர்த்த ஆய்வக உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து பல உட்கருக்கள் கொண்ட பெரிய உயிரணுக்களாகி நிற்பதைப் பார்த்தார். அதிலிருந்துதான் நிப்பா என்ற புதிய வைரஸ் தெரியவந்தது. மலேசியாவில் 265 பேருக்குத் தொற்றியது, 105 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட ஒருவரிடம் கேட்க வேண்டியவை: கண்ணாடி வழியே முதலில் பார்த்தது என்ன? வளர்ப்புக் குடுவையில் வேறு கிருமி கலந்துவிட்டதோ என்ற ஐயத்தை எப்படிப் போக்கினீர்கள்? முதலில் யாரிடம் காட்டினீர்கள்? அவர் நம்பினாரா? அதிகாரபூர்வக் கருத்து வேறாக இருந்தபோது எந்தச் சான்று கையில் இருந்தால் வாயைத் திறக்கலாம் என்று முடிவு செய்தீர்கள்? பயமும் பொறுப்பும் இந்தப் பதில்களிலேயே வந்துவிடும். தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

எதில் எழுதுகிறார் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். இராமானுசன் சிலேட்டில் கணக்குப் போட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றினார். காகிதம் விலை அதிகம். அந்தக் குறிப்பேடுகளில் நிறுவல்கள் இல்லாததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. எழுதும் பொருள் வேலையின் வடிவத்தையே மாற்றும்.

நம் மண்ணுக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. வாய்ப்பாட்டைத் தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்து, இயற்கணிதத்தை இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, ஆய்வை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இங்கே ஏராளம். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியதும், 2012 முதல் படிப்படியாகத் திரும்பியதும் இளைய ஆய்வாளர்களின் வகுப்பறையைப் பாதியில் மாற்றின. ‘மனக்கணக்கு எந்த மொழியில் ஓடுகிறது? கோபத்தில் கணினியைத் திட்டுவது எந்த மொழியில்? மாணவருக்கு விளக்கும்போது எந்த இடத்தில் மொழி மாறுகிறது?’ இந்தக் கேள்விக்குத் தட்டையான பதில் வருவது அபூர்வம்.

தோட்டத்து இளமையைக் கேட்பதானால் அதையும் பொருளாகக் கேளுங்கள். ‘வறுமையில் வாடினீர்களா?’ என்பது கேள்வியே அல்ல. விடியலில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) அம்மா போனபின் தம்பி தங்கையை யார் பார்த்தது, மின்சாரம் இரவு எத்தனை மணிக்கு நின்றது, அதற்குப்பின் எதன் வெளிச்சத்தில் படித்தார் என்று கேளுங்கள். பெண் அறிவியலாளரிடம் மட்டும் ‘வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ என்று கேட்கும் பழக்கத்தை விட்டொழியுங்கள். அது முக்கியமான கேள்வி என்று நினைத்தால் ஆண்களிடமும் அதே சொற்களில் கேளுங்கள்.

மொத்தம் 25 கேள்விகள் எழுதி, அவற்றில் எட்டை மட்டும் கட்டாயம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி அவருக்கு அனுப்ப வேண்டியது தலைப்புகளை மட்டுமே. கேள்விகளை முழுதாக அனுப்பினால் பதில்களை எழுதி வைத்துப் படித்துவிடுவார்.

பதிவு

கருவி விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, இடம்தான் முக்கியம். சட்டையில் குத்தும் ஒலிவாங்கியை மோவாய்க்கு ஒரு சாண் கீழே வையுங்கள். புடவை முந்தானை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி உரசினால் அந்தச் சரசரப்பைப் பிறகு நீக்கவே முடியாது. வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். ஒற்றைத் தடத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 520 மெகாபைட் ஆகும். உரத்த பேச்சும் −12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள், ஆய்வாளர் சிரிக்கும்போது ஒலி உடையாது. கைப்பேசியில் இரண்டாவது பதிவு ஓடட்டும், அதை ‘பறக்கும் நிலை’யில் வைத்த பிறகு.

குளிர்சாதனத்தின் இரைச்சல் காதுக்குப் பழகிவிடும், ஒலிவாங்கிக்குப் பழகாது. அமர்வுக்கு அரை மணி முன்னால் அறையைக் குளிரவைத்துவிட்டு அணையுங்கள். கோலாலம்பூரில் பிற்பகல் 3 மணிக்கு மேல் இடிமழை வழக்கம், தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்தால் தொலைந்தது. காலை 9.30 நல்ல நேரம். பிற்பகல் 1 மணியை ஒட்டியும் 4.30-ஐ ஒட்டியும் தொழுகை அழைப்பு கேட்கும், அந்நேரங்களில் இடைவேளை விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் 12.15 முதல் 2.45 வரை வளாகத்தில் யாரையும் எதிர்பார்க்காதீர்கள். பினாங்குத் தேசியப் பூங்காவுக்குள் முகா ஹெட்டில் உள்ள கடல் ஆய்வு நிலையம் போன்ற இடத்துக்குப் படகில் போவதானால் ஒலிவாங்கிக்கு மயிர் உறை கட்டாயம், நீர் புகாத பையும் வேண்டும். அங்கே அலைக்கு முதுகு காட்டி உட்காரவையுங்கள். மாமாக் கடைப் பேச்சு இனிமையாக இருக்கும், பதிவுக்கு உதவாது. தே தாரிக்கை அமர்வு முடிந்து குடியுங்கள்.

கணிதவியலாளர் என்றால் ஏ3 தாள் பத்தும் தடித்த பேனாவும் கொண்டு போங்கள். ஒவ்வொரு தாளிலும் எண் போட்டு, எழுதி முடித்ததும் படம் எடுங்கள். அவர் ‘இது அங்கே போகும், அப்போ அது சுழியமாயிடும்’ என்று விரலால் காட்டுவார். ஒலிப்பதிவில் அதற்கு ஒரு பொருளும் இருக்காது. உடனே ‘இரண்டாம் தாளில் மேலே உள்ள கூட்டல் தொடரைத்தானே சொல்கிறீர்கள்?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர் ‘ஆமா’ என்றால் போதும், பதிவு பிழைத்தது.

உட்கார்ந்த பிறகு

ஒப்புதல் படிவத்தைத் தொடங்கும் முன் கையெழுத்து வாங்குங்கள், முடிந்தபின் அல்ல. அதில் இருக்க வேண்டியவை: எங்கெல்லாம் பயன்படும், பதிவு யாரிடம் இருக்கும், எந்தப் பகுதியை எவ்வளவு காலம் நிறுத்தி வைக்கச் சொல்லலாம், வெளிவரும் முன் தகவல் பிழையைத் திருத்த அவருக்கு எத்தனை நாள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்காத முடிவை வெளியிட்டால் அவருடைய உரிமையே போகக்கூடும் என்பதால் நிறுத்திவைப்பு விதி வெறும் சடங்கல்ல. பல்கலைக்கழக ஆய்வுத் திட்டமாகச் செய்கிற மாணவர் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் முன்பே பெற வேண்டும்.

முதல் கேள்வி எளிதாக இருக்கட்டும், ஆனால் வெறுமையாக வேண்டாம். மேசைமேல் உள்ள ஒரு பொருளைக் கேட்கலாம், அல்லது இன்று காலை எந்தக் கணக்கில் இருந்தார் என்று கேட்கலாம். பதில் முடிந்ததும் உடனே அடுத்ததற்குத் தாவாதீர்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். கணிதவியலாளர்கள் முதலில் சொன்னதைத் தாங்களே திருத்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள், அந்தத் திருத்தம்தான் நமக்கு வேண்டியது. புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டினால் அடுத்த அரை மணி நேரமும் வீண். ‘நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தப்பென்றால் நிறுத்துங்கள்’ என்று திருப்பிச் சொல்லுங்கள். அவர் நிறுத்தும் இடத்தில்தான் நல்ல விளக்கம் பிறக்கும்.

தோல்வியைக் கேட்கும் நேரம் இரண்டாம் அமர்வின் நடுப்பகுதி. ‘மூன்று ஆண்டுக்கு மேல் செலவழித்துக் கைவிட்ட கணக்கு எது? எந்த நாளில் விட்டீர்கள், எதைப் பார்த்து?’ சக ஆய்வாளரைக் குறை சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள், ஆனால் அவர் தரப்பைக் கேட்காமல் அச்சிடாதீர்கள். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே: ‘நான் கேட்டிருக்க வேண்டியது எதுவும் விட்டுப்போயிற்றா?’ அதைக் கேட்கும்போது பதிவை நிறுத்திவிடாதீர்கள்.

எழுத்தாக்கம், சரிபார்ப்பு, காப்பு

ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த நம் பேச்சில் தானியங்கி எழுத்தாக்கம் கலைச்சொற்களையும் பெயர்களையும்தான் முதலில் சிதைக்கும். அதை வரைவாக மட்டும் கொள்ளுங்கள். நிறுத்திவைக்கப்பட்ட பகுதி உள்ள பதிவை இலவச இணையச் சேவை எதிலும் ஏற்றாதீர்கள்.

பேச்சை ஏட்டுத் தமிழாக முழுதும் மாற்றினால் எல்லா அறிவியலாளரும் ஒரே குரலில் பேசுவார்கள். வினைமுற்றுகளைச் சீராக்குங்கள், அவருடைய சொல்வரிசையையும் உவமைகளையும் தொடாதீர்கள். மலாய்ச் சொல்லை அவர் வேண்டுமென்றே பயன்படுத்தியிருந்தால் அப்படியே இருக்கட்டும். கலைச்சொற்களுக்கு முப்பது சொல் கொண்ட பட்டியல் ஒன்று போட்டு, எந்தத் தமிழ்ச் சொல் தமக்குச் சரி என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவதையே அவர் விரும்புவார், அதை மதியுங்கள்.

சரிபார்ப்புக்கு அனுப்பும்போது பத்து நாள் கொடுங்கள். எண், பெயர், ஆண்டு, சமன்பாடு ஆகியவற்றில் அவர் சொல்வதே முடிவு. சுவையான ஒரு வாக்கியத்தை ‘இது கொஞ்சம் காட்டமாக இருக்கிறது’ என்று மழுக்க வந்தால், அதை எழுதாமல் தொலைபேசியில் பேசித் தீருங்கள். பெரும்பாலும் பாதிக்குப் பாதி திரும்பக் கிடைக்கும்.

வெளியான பிறகும் வேலை உண்டு. மூலப் பதிவு, எழுத்து வடிவம், தாள்களின் படங்கள், ஒப்புதல் படிவம் நான்கையும் ஆண்டு-மாதம்-நாள், பெயர், அமர்வு எண் என்ற வரிசையில் பெயரிட்டு, இரண்டு வெவ்வேறு வட்டுகளிலும் வேறொரு வீட்டிலோ மேகக் கிடங்கிலோ மூன்றாவதாகவும் வையுங்கள். ஒரு படியை அவர் குடும்பத்துக்குக் கொடுங்கள். அவருடைய துறை நூலகம் ஏற்றுக்கொண்டால் அங்கேயும் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை கோப்புகளைத் திறந்து கேட்டுப் பாருங்கள், திறக்காத வட்டை அன்றே மாற்றுங்கள்.